சிரிப்பு ஷாட்

"படுக்க வெச்சீங்களா இல்லையா?"

"அட, மெல்லப் பேசு பத்மா, வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்…"

"நிக்கட்டும். எங்கப்பாவைப் பொணமாப் படுக்க வெச்சீங்களா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"நான் எங்க கண்ணு படுக்க வெச்சேன்? அவரா வந்து படுத்தாருங்கறேன், நீ பாட்டுக்கு…"

"அவரா வந்து, அவரா பவுடர் பூசிக்கிட்டு, அவரா சாமி மாலையை எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டாராக்கும்?"

சேதுமாதவன் மனைவியின் கையைப் பார்த்தான்.

பத்மாவின் கையில் பிளாஸ்டிக் மாலை ஊசலாடியது. கூடத்துச் சுவரில் முருகன் படத்துக்குப் போட்டிருந்த மாலை. அப்பாவின் தலைமாட்டில் விளக்கை வைக்கக் குனிந்தபோது கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எடுத்து முகர்ந்தால் முகப்பவுடர் வாசனை. நேற்று வெள்ளிக்கிழமை, குவைத்தில் வார விடுமுறை. லீவு நாளிலும் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா ஒத்திகை என்று காலையிலேயே போனவள் சாயங்காலம் திரும்பி வந்தபோது, அப்பாவின் காதோரத்தில் வெள்ளையாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. "என்னப்பா, புதுமாப்பிள்ளை மாதிரி பவுடரெல்லாம்?" என்று கேட்டாள். "புழுக்கமா இருந்துச்சும்மா" என்றார். ஏசி ஓடுகிற வீட்டில் என்ன புழுக்கம் என்று அப்போதே தோன்றியது. தோன்றியதைக் கேட்காமல் அரிசி களையப் போய்விட்டாள்.

காலையில் காபியோடு போய் எழுப்பினாள். எழுந்திருக்கவில்லை.

கீழ்த்தளத்து டாக்டர் லுங்கியோடு ஓடிவந்து பார்த்துவிட்டு, "தூக்கத்துலயே போயிருக்காரும்மா. கொடுத்து வெச்ச மனுஷன்" என்றார். சேதுமாதவனின் கம்பெனியில் அரசாங்க வேலைகளுக்கென்று ஓடுகிற மந்தூப், போலீஸ் காகிதத்துக்கும் ஆஸ்பத்திரி வண்டிக்கும் போயிருந்தான். வண்டி வந்ததும் சவக்கிடங்கு, அங்கிருந்து என்றைக்கு இடம் கிடைக்கிறதோ அன்றைக்கு விமானத்தில் மெட்ராஸ். அவர்கள் குடியிருந்த அப்பாசியா முழுவதும் தூசிக்காற்று அடித்து, சன்னல் கண்ணாடியில் வெளிச்சம் டீ நிறத்தில் வந்துகொண்டிருந்தது.

அந்த வெளிச்சத்தில் அப்பா கிடந்தார். பத்மாவுக்கு இந்த முகம் புதிதல்ல. நடிப்பில் இதைவிட நன்றாகவே கிடந்திருக்கிறார் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நடிப்பில் வாய் இப்படிக் கோணாது.

கோபாலசாமி என்று அப்பாவின் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'முத்துத்தீவு மகாராணி'யில் செத்துப்போன தளபதி என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. மகாராணி கடற்கரையில் தளபதியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க அழுவாள். அலை வந்து வந்து காலைத் தொடும். நடுவில் நிஜ நண்டு ஒன்று அப்பாவின் முழங்காலில் ஏறி இறங்கிப் போகும். அவர் அசையவில்லை. படம் வந்த நாளிலிருந்து ஜனங்கள் அந்த நண்டைப் பற்றிப் பேசினார்கள், பத்திரிகைகள் நண்டைப் பற்றி எழுதின. டைட்டிலில் மட்டும் அப்பா பேர் இல்லை. அதற்குப் பிறகு அவரைத் தேடி வந்த வேஷமெல்லாம் பிண வேஷம்தான். மதுரையில் பத்மா படித்த பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'பொணத்து மக' என்று பேர். சயின்ஸ் டீச்சராகி, கல்யாணமாகி, கடல் தாண்டி வந்த பிறகும் அந்தப் பேர் காதுக்குள் இருந்தது. அம்மா போன பிறகு அப்பாவைக் குவைத்துக்குக் கூட்டி வந்தபோது அவள் போட்ட ஒரே கட்டளை, "இங்க சினிமாப் பேச்சே வேணாம்ப்பா." அவரும் பேசவில்லை.

"யாரு எடுத்தது? அந்த சிவசங்கரன்தானே?" என்றாள்.

"அவன்தான்."

"போன மாசம் இதே கூடத்துல வெச்சு அவன்கிட்ட நான் என்ன சொன்னேன்?"

"முடியாதுன்னு சொன்னே."

"காபி குடுத்துச் சொன்னேன். மரியாதையாச் சொன்னேன்."

சிவசங்கரன் இங்கே டிவி நிலையத்தில் காமெராமேன். சேதுமாதவனின் சீட்டாட்டக் கூட்டாளி. 'முத்துத்தீவு மகாராணி' எப்படி உருவானது என்று அவனும் மெட்ராஸில் இருக்கிற அவன் சிநேகிதர்களுமாக ஒரு டாக்குமெண்டரி எடுக்கிறார்களாம். அங்கே இருக்கிற பழைய ஆட்களை அவர்கள் எடுப்பார்களாம், இங்கே இருக்கிற தளபதியை இவன் எடுப்பானாம். பத்மா முடியாது என்றபோது அப்பா காபியை ஆற்றிக்கொண்டே, "விடுங்க தம்பி. நான்தான் அந்தப் படத்துலயே செத்தவனாச்சே, என்கிட்ட என்ன பேட்டி?" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். அன்றைக்கு அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டாள்.

"நான் இல்லாத நாள் பாத்து வரச் சொன்னது யாரு?"

சேதுமாதவன் முருகனைப் பார்த்தான். மாலை இல்லாத முருகன்.

"மாமாதான்" என்றான். "அவதான் ஸ்கூலுக்குப் போறாளே மாப்பிள்ளை, அந்தத் தம்பியை வரச் சொல்லுங்கன்னாரு. டைட்டில்ல பேரு போடுவானான்னு ஒருக்கா கேட்டுச் சொல்லுங்கன்னாரு. நான் என்ன கண்ணு பண்ண?"

பத்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். இனி கேட்கப்போவதைக் கத்திக் கேட்க முடியாது.

"சிரிப்பு ஷாட் எடுத்தீங்களா?"

"ஆங்?"

"பொணமாப் படுத்தவங்களை எழுப்பி, காமெராவைப் பாத்துச் சிரிக்க வெச்சு ஒரு ஷாட் எடுக்கணும். எடுத்தீங்களா?"

சினிமாக்காரர்கள் எத்தனை பெரிய ஆளாயிருந்தாலும் இதில் விளையாட மாட்டார்கள். செத்தவனாக நடித்தவனை அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. காமெரா அவனைப் பிணமாகப் பார்த்திருக்கிறது, உயிரோடும் பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் சிரிப்பு. மதுரை வீட்டில் அப்பா படி ஏறும்போதே அம்மா அடுப்படியிலிருந்து, "சிரிச்சாச்சா?" என்பாள். "சிரிச்சாச்சு" என்று பதில் வந்தால்தான் இலை விழும். ஒரு தடவை வெளிச்சம் போய்விட்டது, நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே அப்பாவுக்கு டைபாய்டு. அம்மா மதுரை ஸ்டூடியோ வாசலில் போய் நின்று சண்டை போட்டு, காய்ச்சலோடு கிடந்தவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ச் சிரிக்க வைத்துவிட்டு வந்தாள். பிழைத்தார். டைபாய்டு எதனால் வருகிறது என்று பத்மா வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதித்தான் போடுகிறாள். ஆனால் இன்றைக்கு அப்பா கிடக்கிறாரே.

"எடுத்தான், எடுத்தான்" என்றான் சேதுமாதவன். "சிரிச்சாரு. நல்லாச் சிரிச்சாரு மாமா."

ரொம்ப வேகமாக வந்தது பதில்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தே… அதாவது, அவன் சொன்னான்."

"அப்ப நீங்க எங்க போனீங்க?"

"படுத்திருக்கற வரைக்கும் இங்கயேதான் நின்னேன். பொறவு கீழ பக்காலாக் கடைக்குப் பெப்சி வாங்கப் போனேன். மாமாவுக்குத் தாகம்னாரு."

"தாகம்னாரா?"

"பத்மா, எல்லாருக்கும்தான் தாகம் எடுக்கும்!"

கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு ரஹீமா பீவி, ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணீரோடு வந்தாள். நாகூர்க்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்த வீட்டு மிக்ஸி சத்தத்தை வைத்தே இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லிவிடுவாள்.

"ஒரு வாய் குடி தங்கச்சி. வெறும் வயித்தோட மையித்துக்கிட்ட இருக்கப்படாது."

"அக்கா, நேத்து மத்தியானம் இங்க என்ன சத்தம் கேட்டுச்சு?"

ரஹீமா பீவி சேதுமாதவனைப் பார்த்தாள். அவன் ஃபிளாஸ்க்கைப் பார்த்தான்.

"அவரை ஏன் பாக்குறீங்க? என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"என்னத்த சொல்ல? கட்டில இழுத்தாங்க. பொறவு கிர்ருனு ஒரு சத்தம், தையல் மிஷின் மாதிரி. பொறவு ஒண்ணுமே இல்ல. இந்த மனுஷங்க என்ன இம்புட்டு நேரம் மூச்சு பேச்சு இல்லாம இருக்காங்கன்னு நெனச்சேன்."

"சிரிப்புச் சத்தம்?"

"கேட்டுச்சே. ஆம்பளச் சிரிப்பு."

"எங்கப்பா சிரிப்பா?"

"உங்க வாப்பா சிரிச்சு நான் எப்பம்மா கேட்டேன்?" என்றாள் ரஹீமா பீவி. சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது போல. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தேத்தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள்.

பத்மா தம்ளரைக் கையில் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். ஆம்பளச் சிரிப்பு. சேதுமாதவன் சிரித்தாலும் ஆம்பளச் சிரிப்புதான், அந்தச் சிவசங்கரன் சிரித்தாலும் ஆம்பளச் சிரிப்புதான். இரண்டு பேரும் சேர்ந்து, ஒரு கிழவனைச் செத்தவனாகப் படுக்க வைத்து வேடிக்கை பார்த்துச் சிரித்திருந்தால்?

சிவசங்கரன் அப்போதுதான் வந்தான். தலைமுடியெல்லாம் தூசி. கண் சிவந்திருந்தது. அது அழுகையா காற்றா என்று சொல்ல முடியாது. பத்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் தொங்கிய கறுப்புப் பையைத்தான் பார்த்தாள்.

"அண்ணாச்சி போன் பண்ணாக. நம்பவே முடியலக்கா. நேத்துதான்…"

"அங்கயே நில்லு."

வாசல்படியிலேயே நின்றான்.

"பையில என்ன?"

"காமெராக்கா. டூட்டியில இருந்து நேரா…"

"எழவு வீட்டுக்குக் காமெராவோட எதுக்கு வந்தே? நேத்து நடிப்பு, இன்னிக்கு நிஜமா? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டப் போறியா?"

"ஐயோ, என்னக்கா இப்படிக் கேக்கிய!" அவன் முகம் சுருங்கிப்போனது. "அப்படி நெனைச்சா நான் மனுசனா? வண்டியில வெச்சா சூட்டுக்கு வீணாப்போவும்னு தூக்கிட்டு வந்தேன்."

"தொற."

"பத்மா…" என்றான் சேதுமாதவன்.

"நீங்க சும்மா இருங்க. தொற தம்பி."

கூடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து திறந்தான். காமெரா, ஒரு மஞ்சள் துணி, உள்ளங்கையகலத்துக்கு ஒரு வட்டத் தகரடப்பா. டப்பாவின் விளிம்பைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. மேலே பேனாவால் 'தளபதி' என்று எழுதியிருந்தான். அங்கேயும் பேர் இல்லை.

"இது என்ன?"

"நேத்து எடுத்தது. நாளைக்கு மெட்ராசுக்கு ஒருத்தர் போறாரு, அவருகிட்ட குடுத்தனுப்பணும். அங்கதான் கழுவணும்."

"சிரிப்பு ஷாட் எடுத்தியா?"

அவன் கண் ஒரு நொடி சேதுமாதவன் பக்கம் போய்த் திரும்பியது. பத்மா அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்தேன்க்கா."

"போன்ல இவர் சொல்லிக் குடுத்தாரா, இப்படிக் கேப்பா, எடுத்தேன்னு சொல்லுன்னு?"

ரஹீமா பீவி மெல்ல எழுந்து, கதவுக்கு வெளியே நின்ற ஆட்களிடம் போய் நின்றுகொண்டாள்.

பத்மா குனிந்து டப்பாவை எடுத்தாள். லேசாக இருந்தது. குலுக்கிப் பார்க்கத் தோன்றியது, குலுக்கவில்லை.

"எனக்குக் காட்டு."

"இப்ப ஒண்ணும் தெரியாதுக்கா. கழுவினாத்தான் படம் வரும்."

"கழுவி, மெட்ராஸ்ல யாரு பாத்து, யாரு எனக்கு எழுதுவா? இவரு அப்பா சிரிச்சாருங்கறாரு, நீயும் எடுத்தேங்கறே. ரெண்டு பேருமே ஒரே மாதிரி முழிக்கிறீங்க. இதுல சிரிப்பு இருக்கா இல்லையா, எனக்கு இப்பவே தெரியணும்."

"தொறந்தா வெளிச்சம் பட்டு எல்லாம் போயிரும்."

"போகட்டுமே. எங்கப்பா பொணமாக் கெடந்ததை ஊரு பாத்தது போதும்."

கட்டை விரல் நகத்தை டேப்பின் நுனியில் கொடுத்தாள். டேப் கொஞ்சம் எழும்பியது. சேதுமாதவன், "வேணாம் கண்ணு, அவரு கடைசியா ஆசைப்பட்டது" என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் காதில் விழவில்லை. சிவசங்கரன் பதறி எழுந்து இரண்டு கையையும் நீட்டினான். பிடுங்கப் பயந்து கைகள் பாதியில் நின்றன.

"பிரிக்காதீயக்கா! அதுல சிரிப்பு இல்ல."

நகம் நின்றது.

"ஐயா கெடந்தது மட்டுந்தான் இருக்கு. சிரிப்பு இல்ல."

சேதுமாதவன் அவனைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் நடிப்பு இல்லை என்று பத்மாவுக்குத் தெரிந்தது. இவருக்கும் இது புதுசு.

"என்கிட்ட எடுத்தேன்னுதானடா சொன்னே?"

"உங்ககிட்ட என்னத்த சொல்லச் சொல்லுதிய அண்ணாச்சி? ஆபீசுல மிச்சம் விழுந்த பிலிமு. ஒரு ரோலுதான் கெடச்சிச்சு. சிரிப்புக்குன்னு கடைசியில கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கணும். வெக்கணும்னுதான் இருந்தேன்." அவன் பத்மா பக்கம் திரும்பினான். "நீங்க பாத்திருக்கணும்க்கா. அலை வந்து கால்ல படுதுன்னு நெனச்சுக்கிடுங்க ஐயான்னு சொன்னேன். அவ்வளவுதான். நெஞ்சு அசையல. கண்ணு எமைக்குள்ள ஓடல. இந்தக் கூடம், இந்த ஏசி, எல்லாம் போயிட்டுது. நிறுத்த மனசு வரல. ஓட்டிக்கிட்டே இருந்துட்டேன். கடைசியில ஐயாதான், கண்ணைத் தொறக்காமலே, 'தம்பி, ரோலு முடியப் போகுது, சத்தம் மாறுது'ன்னாக."

பத்மா உள்ளறைப் பக்கம் பார்த்தாள். விளக்குத் திரி கொஞ்சம் கருகியிருந்தது.

"அப்புறம்?"

"எந்திரிச்சு உக்காந்தாக. மாலையைக் கழத்திக் கட்டில்ல வெச்சாக. முடியைக் கையால ஒதுக்கிக்கிட்டு, 'சரி, இப்ப சிரிப்பு ஷாட்டு. அத மட்டும் விட்டுறாத. என் மக கேப்பா'ன்னாக."

"நான் கேக்கலையே" என்றாள் பத்மா. யாருக்கும் கேட்டிருக்காது, அவ்வளவு மெல்ல.

"பிலிமு தீந்துட்டுன்னு சொல்ல நாக்கு வரலக்கா. 'வேற ரோலு போட்டுட்டேன் ஐயா'ன்னு சொல்லிட்டு, சாவி குடுத்து சும்மா ஓட்டுனேன்."

"காலிக் காமெராவை?"

"காலிக் காமெராவை."

"அப்பா?"

"சிரிச்சாக. சத்தியமாச் சிரிச்சாக. நேரா லென்சைப் பாத்து. நான் போதும்னு சொல்லுத வரைக்கும் சிரிச்சாக. எனக்கும் சிரிப்பு வந்துட்டுது. 'போதுமா தம்பி?'ன்னு கேட்டாக, 'போதும் ஐயா'ன்னேன். அம்புட்டுத்தான்."

கீழே வண்டி ஒன்று வந்து நின்று ஆரன் அடித்தது. மாடிப்படியில் பூட்ஸ் சத்தமும் மந்தூப்பின் குரலும் கேட்டன. "யல்லா, யல்லா" என்று யாரோ யாரையோ விரட்டினார்கள். சேதுமாதவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடினான். சுருட்டிய ஸ்ட்ரெச்சர் கதவில் இடித்தது. ரஹீமா பீவி வெளியே இருந்த செருப்புகளையெல்லாம் காலால் ஓரமாக ஒதுக்கினாள்.

பத்மா நகர்ந்து வழி விட்டாள். எழும்பியிருந்த டேப்பின் நுனியைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள். ஒட்டவில்லை. மறுபடி தேய்த்தாள். ஒட்டியது. டப்பாவை மஞ்சள் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்ட பிறகும் அவள் கை அதன்மேலேயே இருந்தது.

"ரோல் முடியறதைக் கண்ணை மூடிக்கிட்டே சொன்னவரு" என்றாள். "காலிக் காமெரா சத்தம் மட்டும் அவருக்குத் தெரியாமயா இருந்திருக்கும் தம்பி?"